விதைப்பாட்டால் அளந்த மண்ணில் ஒற்றை நாற்று: தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் பக்கம் வயலை ஏக்கரில் சொல்வதெல்லாம் பத்திரப் பதிவுக்குப் போகும்போதுதான். வீட்டில் பேசும்போது மரக்கால், கோட்டை. ஒரு மரக்கால் விதைப்பாடு என்றால் 8 சென்ட். 21 மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை. எவ்வளவு விதை விழுகிறதோ அவ்வளவு நிலம். விதையைக் கொண்டே மண்ணை அளந்த ஊர்.

அப்படிப்பட்ட ஊரில் வந்து, "ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குறுகிய காலப் பயிருக்கு அப்போது சிபாரிசே ஏக்கருக்கு 24 கிலோ. நம்மாட்கள் அதற்கும் மேல் ஒரு கை சேர்த்துத்தான் பாவுவார்கள். ஆனாலும் 2003-04ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைத்தான் சொன்னது. தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகளின் வயல்களிலும் காவிரிப் பாசனத்தில் 100 வயல்களிலும் நட்டுக் காட்டியது. முதலில் ஒற்றை நாற்று நடவு என்றார்கள். பிறகு செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் மாறியது. 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 'இராசராசன் 1000' என்றும் ஆனது.

இருபது வருடம் ஆகிவிட்டது. அதில் எது நிலத்தில் தங்கியது, எது கழன்று போனது, ஏன் போனது என்று தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் நடந்து, பேசி, பார்த்து எழுதுவதுதான் இந்த ஆய்வு. அந்தச் சோதனை வயல்களில் ஒன்று என் மாமாவின் வயலுக்கு மேல்மடையில் இருந்தது. அடுத்த வருடம் மாமாவும் நட்டார். அதனால் நான் வெளியே நின்று எழுதுகிறவன் இல்லை.

ஆறும் பூவும்

தாமிரபரணி பொதிகையில் பிறந்து 8 அணைக்கட்டுகளைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. 11 கால்வாய்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 86,107 ஏக்கர் பாசனம். கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கார் ஜூனில் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து பாபநாசம் அணை ஏறினால்தான் அதற்கு உயிர். பிசானம் வடகிழக்குப் பருவமழையோடு வந்து மாசி, பங்குனியில் அறுவடை. காருக்குத் தண்ணீர் திறக்காத வருடங்களும் உண்டு. திறந்தும் பாதியில் குறைந்த வருடங்களும் உண்டு.

விதைக்கு இங்கே குறை இருந்ததில்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இருக்கிறது. அங்கிருந்து 1986-இல் வந்த அம்பை 16 ரகம், ஆடுதுறை 31, கோ 39 என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கியது. குட்டைப் பயிர், குண்டு அரிசி, நாலு மாதத்துக்குள் கையில் வந்துவிடும். எங்கள் வீட்டில் சோறும் அதுதான், இட்லியும் அதுதான். அதே அம்பை 16-ஐ ஆடுதுறை 37-ஓடு சேர்த்து 2014-இல் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் டி.பி.எஸ். 5 என்ற ரகத்தைக் கொடுத்தது. இப்போது பல வயல்களில் அதுதான் நிற்கிறது. பாக்டீரியா இலைக்கருகல், குலைநோய், இலையுறைக் கருகல் மூன்றையும் தாங்கும் மரபணுக்களை அம்பை 16-க்குள்ளேயே கொண்டு சேர்த்த ஆராய்ச்சி 2020-இல் வெளிவந்தது. இதெல்லாம் பெரிய வேலை. ஒரு ரகம் நம் வயலுக்கு வருவதற்கு ஒருவருடைய பத்து வருட உழைப்பு வேண்டும்.

ஆனால் 2003-04-இல் வந்த புதுமைக்குப் புது விதையே வேண்டியதில்லை. விதை அதேதான். அந்த விதை முளைத்து எப்படித் தூர் கட்டுகிறது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடுகிறது, வேர் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துப் புரிந்துகொண்டதை வயலுக்குக் கொண்டு வந்தார்கள். தாவர அறிவியல் என்றால் ஆய்வுக்கூடத்துச் சோதனைக் குழாய் என்று நினைத்திருந்த எனக்கு, அது சேற்றில் மண்டி போட்டு ஒரு நாற்றை உற்றுப் பார்ப்பதும்தான் என்று தெரிந்தது அப்போதுதான்.

நாலாவது இலையின் கணக்கு

நெல் நாற்றுக்கு ஒரு உள்கணக்கு உண்டு. கிட்டத்தட்ட ஐந்து நாளுக்கு ஒரு இலை விடும். நாலாவது இலை விடும் சமயத்தில் அடியில் முதல் தூர் கிளம்பும். அப்புறம் அந்தத் தூருக்கும் ஒரு தூர், அதற்கும் ஒன்று என்று பெருகும். கட்டயாமா என்ற ஜப்பானிய விஞ்ஞானி இதை இலை இலையாக எண்ணிப் பதிந்து வைத்திருக்கிறார். நாற்றைப் பிடுங்கினால் வேர் அறுந்து சில நாள் பயிர் திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பு முதல் தூர் கிளம்புவதற்கு முன்னாலேயே வந்து போய்விட்டால் கணக்கு கெடாது. நெல்மணிக்குள் மிச்சம் இருக்கும் சத்தும் அந்த வயதில் இன்னும் கூடவே இருக்கும். அதனால்தான் 14 நாள் நாற்று.

நம் பழக்கம் என்ன? 25 நாள் நாற்று. கால்வாயில் தண்ணீர் வரத் தாமதமானால் 35 நாள்கூட. அதற்குள் தூர் விட வேண்டிய கணுக்களெல்லாம் நாற்றங்காலின் நெருக்கத்தில் அடங்கிப் போயிருக்கும். தூர் வராது என்று தெரிந்துதான் ஒரு குத்துக்கு, அதாவது நடும் ஒரு இடத்துக்கு, நாலைந்து நாற்றாகச் சேர்த்து வைத்தோம். வயதான நாற்றை வைத்ததற்கான ஈடு அது. அதற்காகத்தான் அவ்வளவு விதையும் பாவினோம்.

இடைவெளியும் அப்படித்தான். 15-க்கு 10 சென்டிமீட்டர் வைத்து நட்டால் ஒரு சதுர மீட்டரில் 66 குத்து. 25-க்கு 25 வைத்து நட்டால் 16 குத்துதான். நட்ட அன்று வயலைப் பார்த்தால் வயிறு எரியும். வெறும் சேறும் அங்கங்கே பச்சைக் கோடும் தெரியும். மாமா நட்ட வருடம் ஒரு மாதம் வரைக்கும் அவர் அந்தப் பாதையில் யாரோடும் பேச்சுக் கொடுக்கவில்லை. நாற்பதாம் நாள் பார்த்தால் குத்துக்கு முப்பது தூருக்கு மேல்.

வேரின் கதை இன்னும் முக்கியம். எப்போதும் தண்ணீர் நிற்கும் சேற்றில் ஆக்சிஜன் இருக்காது. நெல் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்களை உண்டாக்கி மேலிருந்து மூச்சை இறக்கும். பிழைத்துவிடும், ஆனால் வேருக்கு நல்லதில்லை. தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் பூக்கும் பருவத்துக்குள் பெரும்பகுதி வேர் செத்துவிடும். கதிரில் பால் ஏற வேண்டிய நேரத்தில் கீழே உறிஞ்ச ஆள் இல்லை. தண்ணீர் கட்டி, மண்ணில் மயிர்க்கோடு போல வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு, மறுபடி கட்டினால் வேர் வெள்ளையாகவே இறங்கிப் போகும். மாமா ஒரு குத்தைப் பிடுங்கி வாய்க்காலில் அலசிக் காட்டினார். பக்கத்து வயல் குத்தின் வேர் துருப் பிடித்த கம்பி மாதிரி இருந்தது. நம்முடையது வெண்மையாக, மண் விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தது. எனக்கு இந்த அறிவியலில் நம்பிக்கை வந்தது அந்த வாய்க்கால் கரையில்தான்.

அதே காற்றுக் குழல்கள் வழியாகத்தான் சேற்றில் உண்டாகும் மீத்தேன் மேலே ஏறி வெளியே போகிறது. தண்ணீர் நிற்கும் வயல் புவி சூடாவதற்கு ஒரு காரணமாவது இப்படி. காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும். அதையும் கழித்துப் பார்த்தாலும் லாபம்தான்.

இந்த முறை மடகாஸ்கரில் லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் விவசாயிகளோடு சேர்ந்து கண்டது. ஆனால் ஒற்றை நாற்று நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. 1911-இலேயே தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவையும், அகல இடைவெளி விட்ட கஜ நடவையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவில் மறந்துவிட்டோம்.

விளைச்சல்

தாமிரபரணிப் பாசனத்தின் 100 வயல்களில் சராசரியாக ஹெக்டேருக்கு 7,227 கிலோ வந்தது. அதே விவசாயிகள் பக்கத்திலேயே பழைய முறையில் நட்டதில் 5,657 கிலோ. நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். இந்த வேலையை முன்னின்று நடத்திய பேராசிரியர் தி. மு. தியாகராஜன் அந்த முடிவுகளைப் பதிவு செய்திருக்கிறார்.

எதிர்க்குரலும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2004-இல் சர்வதேச ஆய்வாளர்கள் சீனாவில் மூன்று இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்து, விளைச்சலில் வித்தியாசம் இல்லை என்று எழுதினார்கள். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எல்லாப் பராமரிப்பும் ஏற்கனவே உச்சத்தில் இருக்கும் சோதனைத் தோட்டத்தில் இந்த முறை கூட்டிக் கொடுப்பது குறைவு. 35 நாள் நாற்றை நெருக்கி நட்டு, தண்ணீர் தேக்கி வைத்த நம் மாதிரி வயலில் அது திருத்துவதற்கு நிறைய இருந்தது. விளைச்சல் ஒன்றுமே கூடாவிட்டாலும், விதை எட்டில் ஒன்று, நாற்றங்கால் எட்டில் ஒன்று. ஏக்கருக்கு 8 சென்ட், அதாவது ஒரு மரக்கால் விதைப்பாடு, நாற்றங்காலுக்கென்றே ஒதுக்கி வைத்த இடத்தில் இப்போது ஒரு சென்ட் போதும்.

நட வந்தவர்கள்

மாமாவின் வயலில் நட வந்த கூட்டத்துக்குத் தலைமையாக இருந்த ஆச்சி, பாய் போல ஒட்டாக வளர்த்த நாற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"இது நாத்தா, அருகம்புல்லா? இத நடுதமா, எண்ணுதமா அண்ணாச்சி?"

"ஒண்ணொண்ணா வைங்க தாயி. மண்ணோட வைங்க. அமுக்காதீங்க" என்றார் மாமா.

அரை நாளில் முடியும் வேலை அன்று பொழுது சாய்ந்தும் முடியவில்லை. கயிற்றில் அடையாளம் போட்டு, மார்க்கர் உருளை இழுத்து, கட்டம் கட்டமாக வைக்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வருகிறவர்களுக்கு இந்த வேகம் கட்டாது. அடுத்த வருடம் அதே கூட்டம் கூலி கூட்டிக் கேட்டது. கேட்டது சரிதான். புது முறையின் பாரத்தை முதலில் சுமந்தது அவர்களுடைய இடுப்பும் விரல்களும்.

களையெடுப்பில் நடந்ததைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. இடைவெளி அகலம் என்பதால் களை அதிகம் வரும். அதைக் கோனோ வீடர் என்ற உருட்டும் களைக்கருவியால் பத்து நாளுக்கு ஒரு முறை, நாலு தடவை, குறுக்கும் நெடுக்குமாக உருட்ட வேண்டும். களை மண்ணோடு மடிந்து உரமாகும், சேற்றுக்குள் காற்றும் புகும். பயிருக்கு அருமையான வைத்தியம். ஆனால் எங்கள் களிமண்ணில் அதைத் தள்ளுவது சாமானியம் இல்லை. அது ஆண்கள் வேலையாக மாறியது. முன்பு எட்டுப் பத்துப் பெண்கள் இரண்டு நாள் களை பறித்துக் கூலி வாங்கிய வயலில் இரண்டு ஆண்கள் கருவியோடு இறங்கினார்கள். அந்தப் பெண்களுக்கு அந்த நாட்கள் போனது போனதுதான். நீடித்த வேளாண்மை என்று பேசும்போது மண்ணையும் தண்ணீரையும் கணக்கில் எடுக்கிறோம். அந்த ஆச்சியின் கூலி நாட்களும் அதே கணக்கில் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெண்கள் தள்ளக்கூடிய எடையில், மோட்டார் வைத்த களையெடுப்பான்கள் பிறகு வந்தன. வருவதற்குள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மடை

காய்ச்சலும் பாய்ச்சலும் ஏன் நிலைக்கவில்லை என்று விவசாயியைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "தண்ணி நம்ம கையில இல்லயே."

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். கிணற்றுப் பாசனக்காரர் மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் நின்றுவிடும். கால்வாய்ப் பாசனத்தில் மடை, அதாவது கால்வாயிலிருந்து ஒரு தொகுதி வயல்களுக்குத் தண்ணீர் விடும் வாய், திறந்தால் மேல் வயலில் விழுந்து, நிறைந்து, வரப்பு வாயில் வழிந்து அடுத்த வயலுக்கு, அதிலிருந்து அதற்கடுத்த வயலுக்கு. நடுவில் இருப்பவர் "என் வயல் காயட்டும்" என்று முடிவெடுக்க முடியாது. கீழ் வயல்காரருக்குத் தண்ணீர் அவர் வயல் வழியாகத்தான் போக வேண்டும். நடு வயலில் ஒருவர் 14 நாள் நாற்று நட்டிருக்கும்போது மேல் வயலில் நிறைத்துவிட்டால் நாற்று மூழ்கும். பிசானத்தில் இது இன்னும் மோசம். நட்ட வாரம் ஐப்பசி மழை கொட்டினால் விரல் உயர நாற்று எங்கே போனது என்று தேட வேண்டியதுதான். மாமாவுக்கு இரண்டாவது வருடம் கால்வாசி வயல் அப்படிப் போயிற்று.

இன்னொரு பக்கம் பயம். அடுத்த முறை தண்ணீர் எப்போது வரும் என்று நிச்சயம் இல்லாதபோது, வரும்போதே வயலில் தேக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம். வேர் மூச்சு விடட்டும் என்று வடித்துவிட்டு, பத்து நாளாக வாய்க்கால் வறண்டு கிடந்தால் யார் பொறுப்பு? காய்ச்சல் பாய்ச்சலுக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு எளிய கருவி கொடுத்திருக்கிறது. ஓட்டை போட்ட குழாய்த் துண்டை வயலில் புதைத்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினால் தண்ணீர் கட்டலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. செலவு மிகக் குறைவு. ஆனால் அந்தக் குழாய் "இப்போது கட்டு" என்று சொல்லும் நாளில் மடையில் தண்ணீர் இருக்க வேண்டும்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை எங்கள் பக்கம் தேங்கியதற்குப் பயிரைப் பற்றிய அறிவியலில் குறை இல்லை. தனி விவசாயியின் வயலை அலகாக வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீரோ மடையை அலகாக வைத்து ஓடுகிறது. ஒரு மடையில் நூறில் ஒருவர் நட்டால் அவர் தோற்பார். மடை முழுக்க ஒரே வாரத்தில் நட்டு, முறை வைத்துத் தண்ணீர் விட்டால் அதே அறிவு ஜெயிக்கும்.

தங்கியது

ஒற்றை நாற்று போய்விட்டது. சதுர நடவு அநேகமாகப் போய்விட்டது. ஆனால் முழுக்கத் தோல்வி என்று எழுத என் கை வராது. இன்று கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி வரை போனால் நடவு இயந்திரம் ஓடுகிறது. அதற்குத் தட்டிலும் பாயிலும்தான் நாற்று வளர்க்கிறார்கள். நாற்றின் வயது 15, 18 நாள். வரிசைக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி. குத்துக்கு மூன்று நாலு நாற்று விழுகிறது என்றாலும், பாய் நாற்றங்காலையும் இள நாற்றையும் அகல வரிசையையும் நம்பப் பழகியது அந்தச் சோதனைகள் நடந்த காலத்தில்தான். விதையும் குறைந்திருக்கிறது.

இலை வண்ண அட்டையும் சிலரிடம் தங்கியிருக்கிறது. இலையின் பச்சையை அட்டையோடு ஒத்துப் பார்த்து, 4-க்குக் கீழே வெளுத்தால் மட்டும் யூரியா போடுவது. பயிர் கேட்காமல் யூரியா கொட்டினால் இலை கறுத்து, இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் விருந்துக்கு வரும். மாமா இன்றைக்கும் காலையில் அட்டையோடுதான் இறங்குகிறார், வெயில் இலையில் படாமல் தன் நிழலில் வைத்துப் பார்க்கிறார். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிரிகளை விதையில் கலக்கும் விதை நேர்த்தி பரவலாகிவிட்டது. 3 கிலோ விதைக்கு நேர்த்தி செய்வது 24 கிலோவுக்குச் செய்வதைவிட எவ்வளவு லேசு என்று பாருங்கள். கொழிஞ்சிச் செடியைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுவது மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. அது எனக்கு வருத்தம்.

2023 மார்கழி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆற்றைப் பற்றி எழுத முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல். ஆற்றோர வயல்களில் பிசானப் பயிர் மூழ்கியது, பல இடங்களில் மணல் மூடியது.

மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரைப் பிடித்துக்கொள்ளும் சப்1 மரபணு, ஒடிசாவின் பழைய நெல் வகை ஒன்றிலிருந்து எடுத்தது. தண்ணீருக்குள் நெடுநெடுவென வளர்ந்து சத்தை வீணாக்காமல் பயிரைத் தூங்க வைக்கும். தமிழ்நாட்டில் சி.ஆர். 1009 சப்1 இருக்கிறது. ஆனால் அது ஐந்து மாதப் பயிர், காவிரி டெல்டாவின் சம்பாவுக்குப் பொருந்துவது. எங்களுக்கு நாலு மாதத்தில் முடியும் குண்டு நெல்லில், அம்பை 16, டி.பி.எஸ். 5 மாதிரியான பயிரில், அந்தக் குணம் வேண்டும். மணல் மூடிய வயலை எந்த மரபணுவும் காப்பாற்றாது. மணல் இல்லாமல் ஒரு வாரம் தண்ணீர் நின்று செத்த வயல்களும் இருந்தன, அவை பிழைத்திருக்கும். அம்பாசமுத்திரத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான்.

இந்தப் பிசானத்துக்கு

மாமாவின் மடையில் ஏழு பேர். மொத்தம் ஆறு கோட்டைக்குக் கொஞ்சம் குறைவு, ஏக்கரில் ஒன்பதரை. போன மாதம் எல்லோரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். ஒரே நாளில் பாய் நாற்றங்கால் போடுவது, 15ஆம் நாள் இயந்திரம் இறக்குவது, குத்துக்கு இரண்டு நாற்று விழும்படி வைப்பது என்று முடிவு. மேல் வயல், நடு வயல், கடை வயல் மூன்றிலும் ஒவ்வொரு குழாய் புதைக்க வேண்டும். வயல் வழியாகத் தண்ணீர் போகாமல் வரப்பை ஒட்டித் தனியாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டுவதற்கு ஆறு பேர் ஆளுக்கு ஒரு முழம் நிலம் விடச் சம்மதித்தார்கள். கடை வயல்காரர் மட்டும் முதலில் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். எழுந்து போகும்போது, "குழாய் என் வயல்லதான் மொதல்ல புதைக்கணும், தண்ணி வரலைன்னா எனக்குத்தான தெரியும்" என்றார்.

அவர் வயலில்தான் முதல் குழாய்.